வட்டத்துள் ஒரு புள்ளி

ஹதீஸ் கிரந்தங்களைக் கையால் பிரதி செய்த காலத்தில் எழுத்தர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் சிறு வட்டம் ஒன்று வரைவார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவ்வட்டத்தினுள் புள்ளி விழும். புள்ளியில்லாத வட்டத்தைக் கண்டால், எழுதியாயிற்று, ஆனால் இன்னும் சரிபார்க்கவில்லை என்று ஓதுவோர் அறிந்துகொள்வர். பதினொன்றாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கதீப் அல்பக்தாதி இம்முறையைப் பெரிதும் விரும்பினார். இந்த ஒப்புநோக்கலுக்கு 'முகாபலா' என்று பெயர்.

நம் காயல்பட்டினத்து வீட்டுப் பெட்டிகளில் அரபுத் தமிழ்ப் பிரதிகளும், கொழும்பிலிருந்து வாப்பாமார் எழுதிய கடிதங்களும் கிடக்கின்றன. இளைஞர்கள் அவற்றைப் படம்பிடித்துக் குறுந்தகட்டில் ஏற்றித் தந்தார்கள், நல்ல பணிதான். ஆனால், "தகட்டில்தான் இருக்கிறதே ஹஜ்ரத், இனி இந்தக் காகிதம் எதற்கு?" என்று ஒரு வீட்டில் கேட்டபோது நாம் திடுக்கிட்டோம். இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

ஒரு தகட்டில் உள்ள அனைத்தையும், கோப்புகளின் பெயர், வரிசை, இடம் உட்பட, அப்படியே ஒரே கோப்பாக்கி வைப்பதே தகட்டுப் படிமம். அதன் அமைப்பை 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்னும் நியதி வகுத்தது. அப்படிமத்தைச் சாதாரணக் கோப்பைப்போல வெறுந்தகட்டில் போட்டால், பிரிக்காத கட்டு ஒன்றுதான் உள்ளே இருக்கும். 2048 பைட் கொண்ட துண்டுகளாக முதலிலிருந்து கடைசிவரை அதை எழுதவேண்டும்.

பொத்தானை அழுத்தி எழுதும் மென்பொருள்கள் உண்டு. நமக்கென்னவோ கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதே பிடிக்கும். என்ன செய்கிறோம் என்பதை நாமே சொல்கிறோமல்லவா! பெர்லினைச் சேர்ந்த ஜோர்க் ஷில்லிங் 1996-இல் 'சிடிரெக்கார்ட்' என்னும் கருவியை வெளியிட்டார். உரிமம் பற்றிய பிணக்கால் 2006-இல் டெபியன் குழுவினர் அதிலிருந்து 'வோடிம்' என்னும் கிளையைப் பிரித்தனர். டெபியன் வழிவந்ததே நம் நாட்டின் பாஸ் லினக்ஸ். 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்களோ!

கருவியின் பெயர், எழுதும் சாதனம், வேகம், படிமத்தின் பெயர்: ஒரே வரியில் கட்டளை முடிந்துவிடும். 'டம்மி' என்ற சொல்லையும் சேர்த்தால் லேசர் எழுதாமலே ஒத்திகை நடக்கும். மை தொடாத கலத்தால் எழுதிப் பழகுவதுபோல. முற்காலச் சாதனங்களில் இவ்வொத்திகை மிக அவசியமாயிருந்தது. நடுவே தரவு வரத் தாமதித்தால் லேசர் காத்திராது, தகடு வீணாகும்.

எழுதி முடிந்தது என்று திரை சொல்வது வெறும் வட்டமே. புள்ளி வைக்கத் தகட்டைத் திரும்பப் படித்து, படிமத்தோடு ஒப்பிடவேண்டும். ஷா-256 என்னும் கணக்கு, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறிகளில் அதற்கு ஒரு முத்திரை தரும். ஓர் எழுத்து பிசகினாலும் முத்திரை முற்றிலும் மாறும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதும் முறையைப் பொறுத்துத் தகட்டின் கடைசியில் உபரித் துண்டுகள் சேர்ந்துவிடும். முழுவதையும் படித்தால் நல்ல தகடும் பொய்யாகத் தோன்றும். ஆகவே படிமத்தின் அளவை 2048-ஆல் வகுத்து, அத்தனை துண்டுகளை மட்டும் படிக்கவேண்டும். இதை நம் மாணவர்கள் கணக்குப் போலவே செய்து பழகினர்.

ஒப்பிட்ட தகடும் நிலையானதன்று. எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரமும் அதற்கு ஆகாது. எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. புதிய மடிக்கணினிகளில் தகடு செருகும் வாயே இல்லை. ஆதலால் பழைய தகடுகளைப் படிமமாகத் திரும்ப எடுத்து, முத்திரையை ஒப்பிட்டு, வன்தட்டில் சேர்த்துவருகிறோம். சில படிக்கின்றன; சில பாதியில் நின்றுவிடுகின்றன. நின்றுபோனவற்றுக்கு உரிய வீடுகளில், காகிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.