தொட்டுப் பாத்தியா?

நாலு மாசமா எங்க கார் வெளியில பனியில நின்னுச்சு. கராஜுக்குள்ள ராஜ மரியாதையோட உக்காந்திருந்தது ஒரு துருப்பிடிச்ச தகரத் தொட்டி, ரெண்டு சக்கரத்தோட. "காசு குடுத்து குப்பை வாங்கிட்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்"னு தங்கமணி சொன்னதோட நிறுத்திக்கிட்டாங்க. அதுவே பெரிய விஷயம்.

தொட்டின்னு சும்மா சொல்லக்கூடாது. ரெண்டாம் உலகப் போர்ல ஜீப்புக்குப் பின்னாடி ஓடின கால் டன் ட்ரெய்லர். நான் பொட்டி தட்டுற பிட்ஸ்பர்க்லேர்ந்து வடக்கே ஒரு மணி நேரம் போனா பட்லர்னு ஒரு ஊர். 1940 செப்டம்பர்ல ராணுவத்துக்கு முதல் ஜீப் மாடலைச் செஞ்சு குடுத்த பாண்டம் கம்பெனி அங்கதான் இருந்துச்சு. ஆனா பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிடுச்சு. ஜீப்பைப் பெத்தவனுக்குக் கடைசியில கிடைச்சது அந்த ஜீப் இழுத்துட்டுப் போற ட்ரெய்லர் செய்யற வேலை. பாவமா இல்ல?

நான் வாங்கினது அப்படி ஒரு பாண்டம். ஜீப் அளவுக்கே சக்கரம், அடியில நல்ல உயரம், பட்டை ஸ்பிரிங். ஜீப் ஏற்ற மேடு பள்ளத்துல இதுவும் பின்னாடியே ஏறிடும். காட்டுக்குள்ள கூடாரம் போட்டுத் தங்க இதைவிட வேற என்ன வேணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். அது பாதி நிஜம்தான்.

மீதியைச் சொல்லணும்னா கொசுவத்தி சுத்தணும். திருச்சானூர்ல எங்க வீட்டுக் கொல்லையில இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு. நைனா மிலிட்டரி டிஸ்போசல்ல வாங்கினது. (எங்க பக்கம் தமிழ்க்காரங்களும் அப்பாவை நைனான்னு கூப்பிடறது உண்டு. 1953 வரைக்கும் மெட்ராஸோட இருந்த ஊர்தானே.) கார்த்திகை பிரம்மோற்சவம் வந்தா ட்ரெய்லருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பந்தல் சாமான், அண்டா, தண்ணி டிரம், அரிசி மூட்டைன்னு ஓடிக்கிட்டே இருக்கும். பஞ்சமி தீர்த்தத்தன்னிக்கு புஷ்கரணியைச் சுத்தி நிக்கற கூட்டத்துக்கு யாராவது சோறு பொங்கித்தானே ஆகணும்.

சித்திரை வெயில்ல அது எங்களோடது. ஆத்தைக் கடக்கும்போது மிதக்கணும்னு தண்ணி புகாத மாதிரி செஞ்ச தொட்டி அது. தண்ணி உள்ள வராதுன்னா வெளியவும் போகாதில்ல? அடியில இருக்கற அடைப்பை மூடி, கிணத்துத் தண்ணியை இறைச்சு ரொப்பி, நானும் தம்பியும் ஊறிக் கிடப்போம். நைனா பாத்துட்டா முதுகுல ரெண்டு விழும். "துருப்பிடிச்சா உங்க தாத்தாவா வந்து தகரம் வைப்பாரு?"

நான் அமெரிக்கா கிளம்பின மாசம் ட்ரெய்லர் காயலான் கடைக்குப் போச்சு. கேட்டதுக்கு, "தரை மொத்தமா அரிச்சுப் போச்சுடா, தண்ணி ஊத்தி ஆடினீங்கல்ல"ன்னாரு. இத்தனை வருஷமா அந்தக் குத்தம் எங்க தலையிலதான்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

வேலைக்கு வருவோம். தரைத் தகரத்தை வெட்டிட்டு புதுசு வச்சாச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெல்டிங் பண்ணினார், கூலி வாரம் ஒரு தடவை தங்கமணி கையால மசால் வடை. ஸ்பிரிங் பட்டைகளைத் தனித்தனியா கழட்டி கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு கிரீஸ் வச்சேன். ஆறு வோல்ட் லைட்டுக்குப் பதிலா பன்னிரண்டு வோல்ட். மேல பிளைவுட் மூடி, அதுக்கு மேல கூடாரம். பேரிங் மட்டும் நானே படிச்சு நானே போட்டேன். சக்கரம் ஆடவே கூடாதுன்னு நட்டை நல்லா இறுக்கினேன்.

முதல் ஓட்டம், பிறந்த ஊரைக் காட்டலாம்னு பட்லர் வரைக்கும். போய் இறங்கினா இடது சக்கரத்துலேர்ந்து கருகின வாசனை. ஹப்புல கை வைக்க முடியல. காலைல பத்து மணி, அங்க ராத்திரி ஏழரை. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நடுவுல எங்கயாவது நிறுத்தித் தொட்டுப் பாத்தியா?"

இல்ல.

"நட்டை இறுக்கிட்டியா?"

ஆமா.

"சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இறுக்கணும். அப்புறம் கொஞ்சம் பின்னாடி விடணும். கையால சுத்தினா சத்தமில்லாம ஓடணும், மேல கீழ பிடிச்சு ஆட்டினா ஆடக்கூடாது. அது ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. பேரிங் நீலமா மாறியிருந்தா தூக்கிப் போட்டுடு. புதுப்பேட்டை மாதிரி உங்க ஊர்ல இருக்கா?"

அவர் அப்பல்லாம் மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் பேரிங் வாங்கிட்டு வருவார். சந்திரகிரி தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை வண்டியை நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாப்பார். பீடி பிடிக்க நிறுத்தறார்னு நினைச்சிருந்தேன்.

பேச்சுவாக்குல தரையை மாத்தின கதையைச் சொன்னேன். "பாதி தகரம் பொடிப்பொடியா வந்துடுச்சு நைனா."

"நம்மளது தரை கல்லு மாதிரி இருந்துச்சுடா. கடைக்காரன் கூட தட்டிப் பாத்துட்டு, இதைப் போய் ஏன் போடறீங்கன்னான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைச்சிருக்கணும். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல சுத்தமா கழுவிட்டுப் புதுசு வை. ரெண்டையும் கலக்காதே"ன்னாரு.

நான் எதுவும் கேட்கல. டிக்கெட் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அன்னிக்கும் கேட்டதில்ல.

போன வெள்ளிக்கிழமை குடும்பத்தோட அலகெனி காட்டுக்குக் கிளம்பினோம். புளியோதரை, ஐஸ் பெட்டி, நாலு கேன் தண்ணி, ரெண்டு வாண்டுங்க. அம்பது மைலுக்கு ஒரு தடவை நிறுத்தினேன். கேன் அப்படிங்கற சின்ன ஊர்தான் கடைசி நிறுத்தம், அதுக்கப்புறம் சரளை ரோடு, சிக்னல் கிடைக்காது. இடது ஹப்பைப் பெரியவன் தொட்டான், வலதைச் சின்னவ.

நைனா தூங்கியிருப்பார்னு தெரிஞ்சும் போன் போட்டேன். ஒரே ரிங்ல எடுத்தார்.

"எவ்வளவு சூடு?"

"ஆறின காப்பி டம்ளர் மாதிரி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"சரி, போ. பசங்களைத் தண்ணி ரொப்ப விடாதே."