நொண்டியடித்தால் குறில்!

அன்புள்ள மல்லி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதினால் நீ சிரிப்பாய். நேரே ஊர்வம்புக்கே வருகிறேன். எங்கள் பள்ளியில் இப்போது பேச்செல்லாம் என்னைப் பற்றித்தான். "ரெண்டாங்கிளாஸ் டீச்சர் பாடமே நடத்துறதில்ல, புள்ளைங்கள வெளிய விட்டுக் குதிக்க வைக்குது" என்று ஒரு தகப்பனார் தலைமையாசிரியையிடம் வந்து நின்றார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வகுப்பு டீச்சர், "ஆமா மேடம், சத்தம் தாங்கல" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள். அந்த மகராசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பது எனக்குத் தெரியாதா? உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதே.

அப்படி என்னத்தைக் குதிக்க வைத்தாய் என்பாய். பாண்டிதான்டீ! வேப்ப மரத்தடியில் செங்கல் துண்டால் பன்னிரண்டு கட்டம் கீறி, அ முதல் ஔ வரை எழுதிவிட்டேன். குறிலுக்கு ஒற்றைக் கால், நெடிலுக்கு இரட்டைக் கால். அ-வில் நொண்டி, ஆ-வில் ஊன்றி, இ-யில் நொண்டி, ஈ-யில் ஊன்றி என்று பிள்ளைகள் தாளம் பிடித்துப் போகிறார்கள். ஐ வந்ததும் தாளம் தப்பும். அதற்குக் குறில் ஜோடி கிடையாதே! அந்த இடத்தில் ஒற்றைக் காலா இரட்டைக் காலா என்று தடுமாறுகிறவர்களைப் பார்த்தாலே போதும், யாருக்குப் பாடம் ஏறவில்லை என்று தெரிந்துவிடும்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொண்டை வறளக் கத்தியபோது ஏறாதது காலுக்கு ஏறிவிட்டது. அதோடு விட்டார்களா? "அப்ப க், ங், ச் எல்லாம் எப்படி டீச்சர்?" என்று ஒரு வாண்டு கேட்டாள். அதற்கு அரை மாத்திரை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கால் கட்டைவிரலால் கட்டத்தை லேசாகத் தொட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினாள். இப்போது எங்கள் பாண்டியில் அதுவும் ஒரு சட்டம்.

கணக்குக்கு வேறு ஆட்டம். தரையில் ஒரு கோடு. பத்துக்குப் பெரிய தாவல், ஒன்றுக்குச் சின்னக் குதி. 34 என்றால் மூன்று தாவல், நாலு குதி. நோட்டில் 34-ஐயும் 43-ஐயும் மாற்றி மாற்றி எழுதும் பையன் ஒருவன் இருக்கிறான். முதலில் 34 போய் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தான். திரும்பி வந்து 43 போனான். கல்லைத் தாண்டி எங்கேயோ நின்றுகொண்டு, "டீச்சர், இது ரொம்பத் தள்ளி இருக்கு!" என்று கூவினான். பெரிய எண், சிறிய எண் என்று இனி அவனுக்கு நான் எதைச் சொல்ல?

எங்கள் சத்துணவு ஆயா கதையைக் கேள். மழை நாளில் வகுப்புக்குள் பல்லாங்குழியை வைத்தால் முதலில் வந்து உட்காருவது அவர்தான். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. பிள்ளைகள் ஐந்தைந்தாக எண்ணி நிரப்புவதிலேயே ஐந்தாம் வாய்ப்பாடு முடிந்துவிடுகிறது. குழியில் நாலு சேர்ந்ததும் "பசு!" என்று ஆயா அள்ளுகிற வேகத்துக்கு நம்மால் எண்ண முடியாது. மீதிக் கொட்டையில் எத்தனை குழி நிரம்பும், எத்தனை மிஞ்சும் என்று அவர் வாயாலேயே சொல்வார். அவரை ஜெயிக்க வேண்டும் என்றே பிள்ளைகள் வகுத்தல் கற்கிறார்கள்.

ல, ள, ழ சங்கதியும் உண்டு. மைதானத்தின் மூன்று மூலைக்கு மூன்று எழுத்து. நான் 'பள்ளம்' என்றால் ள மூலைக்கு ஓட வேண்டும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் ஓடுகிறவன் எந்தப் பக்கமோ, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம்தான். அதனால் எழுத்தைச் சிலேட்டில் எழுதி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் முந்தியவன் யார், விடை தெரிந்தவன் யார் என்று பிரியும்.

நம் பக்கத்து வகுப்பு மகராசியும் ரகசியமாக இந்த ஆட்டங்களைத் தொடங்கிவிட்டாள் தெரியுமா! "தப்புச் சொன்னா அவுட்டு" என்று ஒரு சட்டமும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு சுவரோரம் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் திரும்பத் திரும்ப ஆடினார்கள். எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அதைத்தான் முதலில் உட்கார வைக்கிறது அந்தச் சட்டம். நீளமாக வரிசையில் நிற்க வைப்பதும் அதே கதைதான், ஒருவர் குதிக்க மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எங்கள் மரத்தடியில் நாலு பாண்டி கீறியிருக்கிறது.

அந்தத் தகப்பனாருக்குத் தலைமையாசிரியை என்ன சொன்னார் என்கிறாயா? 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது அவர்தான் எங்கள் வட்டாரத்தில் அட்டையும் கற்றல் ஏணியும் கம்பிப் பந்தலுமாக அலைந்தவராம். கொரோனாவில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததையும், அதில் பாட்டும் ஆட்டமும் பாடத்தோடு சேர்ந்தே வருவதையும் எடுத்துச் சொன்னார். பிறகு அந்தத் தகப்பனாரின் மகனையே கூப்பிட்டு, "43 போய்க் காட்டுப்பா" என்றார். ஆமாம்டீ, அந்தப் பையன்தான். நாலு தாவல், மூன்று குதி. தகப்பனார் பேச்சில்லாமல் சைக்கிளை எடுத்தார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஆட்டத்தில் புதுப் பாடம் நடத்தப் பார்க்காதே. வகுப்பில் நடத்தியது நின்றிருக்கிறதா, நழுவிவிட்டதா என்று பார்க்கத்தான் ஆட்டம். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதலாம், பக்கத்துக் காலைப் பார்த்து 34 தாவ முடியாது. யார் தடுமாறினார்களோ அவர்களை மறுநாள் உன் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடு. உன் பள்ளியில்தான் மைதானம் பெரிதாயிற்றே, வெயில் ஏறுமுன் முதல் பாடவேளையிலேயே தொடங்கு. யாரையும் அவுட் ஆக்காதே.

உன் அன்புத் தோழி