சின்னவள் பாஸாகிவிட்டாள்!

2025-ல் ஒரு நாள் காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக் கொண்டிருந்தது. மதுரையிலிருந்து போன். "அக்கா... பாஸ்!" அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்!

பாஸானவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் அவளுக்குச் 'சின்னவள்' என்றே பெயர். எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். இப்போது மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவில் எம்.எஸ். முடித்துவிட்டாள். "அவ பாஸானதுக்கு நீ ஏன் பத்திரிகைக்கு எழுதுறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காரணம் இருக்கிறது. அந்தப் படிப்பின் மேல் நான் பட்ட பொறாமையையும், அதே படிப்பால் நான் பிழைத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் அருப்புக்கோட்டையில் தறி வைத்துப் பிழைத்த குடும்பம். நான் பத்தாவதோடு நின்றவள். சின்னவள் மருமகளாக வந்தபோது திருச்சுழிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தாள். வானம் பார்த்த பூமி அது. கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்கள், மிளகாய்க் காட்டில் குனிந்து வேலை செய்யும் பெண்கள், இவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வந்ததும் புத்தகம்! குழாயில் தண்ணீர் வரும் நாளில் கூட நான் குடம் தூக்க, அவள் படித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2020 ஜனவரியில் மேற்படிப்புக்கான நீட் தேர்வு எழுதினாள். நினைத்த பாடம் கிடைக்கவில்லை. "பச்சைப் பிள்ளையை எங்கிட்டப் போட்டுட்டு ராப்பகலாப் படிச்சு என்னத்தைக் கண்டா?" என்று அத்தையிடம் சொன்னேன். அடுத்த அறையில் அவள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் பதில் பேசவில்லை. மறுநாளும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள்.

அடுத்த தேர்வு 2021 ஏப்ரல் 18 என்று நாள் குறித்திருந்தார்கள். கொரோனா இரண்டாவது அலை வந்ததால் சில நாள் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். பகலெல்லாம் கொரோனா டியூட்டி, விடிகாலையில் படிப்பு. அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் எழுந்து காப்பி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டு நின்றேன். "என்னக்கா மெல்லுறீங்க?" என்றாள்.

"சும்மாதான்... பச்சரிசி."

"எத்தனை நாளா?"

"ஆறேழு மாசமா. வாய் கேக்குது."

புத்தகத்தை மூடி வைத்தாள். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "மாசா மாசம் எத்தனை நாள் போகுது?" என்றாள். பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு நாள், கட்டி கட்டியாக என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் சொன்னேன். "நாற்பது தாண்டினா அப்படித்தான் இருக்கும்" என்று வேண்டிய ஒருவர் சொன்னதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தவள் நான்.

அன்றே ரத்தப் பரிசோதனை செய்தோம். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 6.4 இருந்தது! இரும்புச் சத்து இப்படி வற்றிப்போனால்தான் அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி என்று வாய் கேட்குமாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது.

"நீயே மருந்து கொடேன்" என்றேன். அவள் சொன்னதை மறக்க மாட்டேன். "அக்கா, இது இதுவா இருக்கலாம்னு சந்தேகப்படத்தான் எனக்குத் தெரியும். கட்டியை மட்டும் எடுக்கணுமா, கர்ப்பப்பையையே எடுக்கணுமா, உள் சதையைச் சோதிக்கணுமான்னு முடிவு சொல்ல இன்னும் படிக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

அதுவரை படிப்பு என்றால் பேருக்குப் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

மதுரையில் நிபுணர் பார்த்தார். ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்து ஊசி போட்டு, உடம்பு தேறிய பிறகு ஆகஸ்டில் அறுவை சிகிச்சை நடந்தது. புற்று எதுவும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தாள். செப்டம்பர் 11-ல் தேர்வு. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நாலு மார்க், தப்பானால் ஒரு மார்க் கழிவு. இந்த முறை இடம் கிடைத்தது!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி இடத்தில் பாதியைப் பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்கென்று வைத்திருந்தது நம் மாநிலம். நடுவில் சில ஆண்டுகள் அது நின்று போயிற்று. மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகுதான் வழி திறந்தது. கரிமூட்டக்காரிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே படித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கலந்தாய்வு தாமதமாகி, 2022-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். மூன்று வருடம் விடுதி வாசம். பிள்ளை என்னிடமே வளர்ந்தான். ஒரு தீபாவளிக்கு அவள் வந்து கை நீட்டியபோது, "பெரியம்மா" என்று என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அவள் சிரித்தாள். அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கடைசித் தேர்வு சாமான்யமில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு தாள் எழுத்துத் தேர்வு. பிறகு நிஜ நோயாளியைச் சோதித்து, வெளியூர்ப் பேராசிரியர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே தேறினால்தான் பாஸ்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனைதான், பின்னால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக ஆயிற்று. வீட்டில் ஒரு பெண் படித்தால் அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேருகிறது!

சகோதரிகளே, ஒரு வாரத்துக்கு மேல் போக்கு இருந்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் "வயசுதான்" என்று இருந்துவிடாதீர்கள். அரிசி மெல்லத் தோன்றினால் உடனே ரத்தம் சோதியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் விடிகாலையில் படித்துக்கொண்டிருந்தால், முணுமுணுக்காமல் ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள்.

சின்னவள் இப்போது ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறாள். பையன் அவள் மடியில் ஏற ஆரம்பித்துவிட்டான். ஊருக்கு வந்தால் முதல் காரியமாக என் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறாள். நானும் இப்போதெல்லாம் அரிசியை உலையில்தான் போடுகிறேன், வாயில் போடுவதில்லை!