கற்பிக்கும் பிள்ளைகள், கற்கும் பெற்றோர்

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது நிகழ்ந்த இனவன்முறைக்குப் பின்னர், உயிர்காக்கப் புறப்பட்டோர் பல நாடுகளில் தஞ்சம் புகுந்தனர். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் அட்லாண்டிக் கடலில் தத்தளித்த 155 தமிழரைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் மீட்டனர். கடலைக் கடந்தது சில நாள் துன்பம். கரையேறிய பின் அன்றாட வாழ்வைக் கற்றதோ பல்லாண்டுப் பயிற்சி. அப்பயிற்சியில் மிகக் கடினமான பாடம் பிள்ளை வளர்ப்பே ஆகும்.

கனடாவில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். உறைபனிக் குளிரிலும் பள்ளி இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புவர். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த தாய்க்கு இது பதற்றம் தரும். பனிக்காற்சட்டை, காலணி, மேலங்கி, தொப்பி ஆகியவற்றை அணிவித்த பின்னரே கையுறை மாட்ட வேண்டும். கையுறையை முதலில் அணிந்துவிட்டால் பிள்ளையால் மேலங்கியின் ஜிப்பை இழுக்க இயலாது. இச்சிறு நுட்பத்தைப் பல தாய்மார்க்குக் கற்பித்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே.

புதிய மொழி பிள்ளைகளின் நாவில் விரைந்து படிகிறது. இரண்டு வேலைகளுக்குச் சென்று களைத்துத் திரும்பும் தந்தைக்கு அம்மொழி எளிதில் வசப்படுவதில்லை. எனவே, வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிப்பதும் தொலைபேசியில் பதில் சொல்வதும் பிள்ளையின் பொறுப்பாகின்றன. பள்ளியில் பெற்றோரைச் சந்திக்கும் ஆசிரியர் கூறும் குறை, சிறுவனின் மொழிபெயர்ப்பில் பாராட்டாக மாறிவிடுவதும் உண்டு. அது சிரித்து மறக்கத்தக்கது. ஆனால், தாயின் நோயைப் பற்றி மருத்துவர் கூறுவதைப் பத்து வயதுச் சிறுமி முதலில் கேட்டு, எச்சொல்லைச் சொல்வது, எதை மறைப்பது எனத் தடுமாறும்போது, அவள்தன் வயதுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறாள். ஊரில் பலருக்கு வழிகாட்டிய தந்தையும் மகளின் வாயை எதிர்நோக்கி நிற்க நேர்கிறது. குடும்பத்தில் இடங்கள் மாறிவிடுகின்றன.

பண்பாட்டிலும் இத்தகைய தடுமாற்றம் எழுகிறது. பெரியோர் பேசும்போது தலைதாழ்த்தி நிற்பது மரியாதை என்று வீடு கற்பிக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசுவதே நேர்மை என்று பள்ளி கற்பிக்கிறது. வீட்டில் ‘ஏன்’ என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகக் கொள்ளப்படும். வகுப்பறையிலோ அதுவே அறிவின் அடையாளம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையை அதட்டி அடக்குவதால் பயனில்லை. பிறரை மதித்தல் அறம். தலைதாழ்த்தல் அதன் வழக்கங்களுள் ஒன்று. வழக்கம் மாறினும் அறம் நிலைபெற இயலும் என்பதைப் பெற்றோர் உணரும்போது வீட்டில் உரையாடல் தொடங்குகிறது.

உரையாடலுக்கு மொழி வேண்டும். ஒண்டாரியோ மாகாணத்தில் 1977 முதல் அரசு நிதியுதவியுடன் பிள்ளைகளுக்கு மரபுமொழி வகுப்புகள் நடத்தப்பட்டு வருகின்றன. தமிழும் அவற்றில் இடம்பெற்றது. சனிக்கிழமைக் காலையில் உறக்கம் கலையாத பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. எனினும், தமிழை இழக்கும் பிள்ளை, பாட்டியின் கதைகளையும் தாயின் கவலைகளையும் அறியும் வழியை இழக்கிறது. அவ்வாறே, மாலைநேர ஆங்கில வகுப்பில் அமரும் தாய் ஒரு மொழியை மட்டும் கற்பதில்லை; மகளின் தோளிலிருந்து வயதுக்கு மீறிய சுமையையும் இறக்கி வைக்கிறாள்.

2016 அக்டோபரில் கனடா நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. நாடு தந்த அம்மதிப்பை நிலைபெறச் செய்ய வேண்டிய இடம் வீடேயாகும். பிள்ளையிடம் கற்பதால் பெற்றோரின் பெருமை குறைவதில்லை. பெற்றோரின் மொழியைப் பேசுவதால் பிள்ளையின் வளர்ச்சி தடைப்படுவதும் இல்லை. ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் விளங்கும் குடும்பத்துக்கு, அயல்மண்ணும் மெல்ல மெல்லச் சொந்த மண்ணாகிறது.