நடுவட்டத்துக் காற்றும் என் யெஸ்டியும்

மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. அங்கே பிறந்த என் யெஸ்டி இன்னும் நடுவட்டத்தில் ஓடுகிறது. விற்றுவிடுங்கள் என்கிறான் மகன். நான் வீட்டிலேயே பழுது பார்க்கிறேன்.

கீழே கூடலூரில் மெக்கானிக் சரிசெய்து கொடுத்தால் அங்கே நன்றாகவே ஓடும். மலையேறி வந்ததும் திணறும், கரும்புகை கக்கும். 6,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததால் மிச்சம் கரியாகிப் பிளக்கில் படியும். பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் பிளக்குக்கும் மெழுகுவத்திக்கும் 'பூஜி' என்று ஒரே பெயர். கழற்றிப் பார்த்தபோது அணைந்த திரி போலத்தான் இருந்தது.

கார்புரேட்டரைப் பிரித்து, ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினேன். ஊசி இறங்கியது, பெட்ரோல் குறைந்தது. சைலன்ஸரின் உள்குழாயை உருவிக் கரியைச் சுரண்டினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால், பிளக்கில் காப்பிப்பொடி நிறம். அதுதான் சரியான நிறம்.

யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். அதை உதைக்க, எழுபதைத் தாண்டிய முழங்கால் இடம் தருவதில்லை. பேரன் உதைக்கிறான். பிளக்கின் நிறம் பார்க்கவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனி விற்பதானால் அவனைக் கேட்டுத்தான் விற்க வேண்டும்.