கொல்லைப்புறத்துச் சிநேகிதி

கோழி வளர்ப்பதென்று நம் வீட்டில் தீர்மானம் நிறைவேறிய தினத்தில், அதைப் பிரேரேபித்தவளுக்கு வயது எட்டு. ஆமோதித்தவனுக்கு வயது நான்கு. நம்முடைய தாயார் மட்டும் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். "வாங்குவதென்றால் வாங்கப்பா. ஆனால் பிள்ளைகள் ஓடியாடுகிற வீடு. எந்த ஜாதிக் கோழி என்று பார்த்து வாங்கு" என்றார். சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, இருபது வருஷ காலமாகப் பிறருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிற நமக்குக் கோழியைப் பற்றி ஒருவர் பாடம் சொல்வதா? திருத்தம் தள்ளுபடியாயிற்று.

சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு சேவல் நின்றது. நின்றது என்றா சொன்னோம்? கொலுவீற்றிருந்தது என்று சொல்ல வேண்டும். நீண்ட கழுத்து, செம்பு நிற இறகு, தூண் போன்ற கால்கள். விற்றவர், "குழந்தை மாதிரிங்க" என்று சத்தியம் செய்தார். இரண்டு பெட்டைகளையும் சேர்த்து விலை பேசி வாங்கி வந்தோம்.

அது பெருவிடை என்பதும், வட தேசத்தார் 'அஸீல்' என்று அழைக்கும் சண்டைக் கோழிகளுக்கு உறவு என்பதும் பிற்பாடு தெரிந்தது. அஸீல் என்றால் அரபு மொழியில் 'கலப்பில்லாதது, உயர்குலத்தது' என்று பொருளாம். தலைமுறை தலைமுறையாக எதிரியின் மேல் பாய்வதற்கென்றே பொறுக்கி வளர்க்கப்பட்ட பிராணி அது. பாய்ந்ததை அதன் குற்றமென்று எப்படிச் சொல்வது?

பதினோராம் நாள் காலையில் நம் பையன் கம்புத் தட்டை எடுப்பதற்காகக் குனிந்தான். சேவலின் கண்ணில் அவன் தன் உயரமுள்ள மற்றொரு சேவலாகவே பட்டிருக்க வேண்டும். இரண்டு கால்களையும் தூக்கிப் பாய்ந்தது. கால் முள் இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கிழித்தது. மூன்று தையல். "அரை அங்குலம் மேலே பட்டிருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர், நம் மனைவியின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். நம் தாயார் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

சேவலையும் பெட்டைகளையும் அன்று மாலையே யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டோம். "சேவல் எங்கே அப்பா?" என்று பெண் கேட்டதற்கு, "ஒரு சிநேகிதர் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அங்கே சௌக்கியமாக இருக்கும்" என்று சொன்னோம். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை நாம் எப்படிக் கண்டிப்போம் என்பது நம்மிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

காயம் ஆறிற்று, பயம் ஆறவில்லை. பையன் கொல்லைக் கதவருகே போவதையே நிறுத்திவிட்டான். அடுத்த வீட்டுக் கோழி கூவினாலும் தாயின் புடவைக்குள் புகுந்துகொள்வான். நான்கு மாதம் இப்படி நடந்தது. அதன் பிறகே நாம் புஸ்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம். முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

சீமைக்காரர்கள் குழந்தைகளுள்ள வீட்டுக்கென்று சிபாரிசு செய்யும் ஜாதிகள் பல உண்டு. இங்கிலாந்தில் கென்ட் பிரதேசத்தில் 1886-ம் ஆண்டு வில்லியம் குக் என்பவர் உண்டாக்கிய ஆர்ப்பிங்டன், மடியில் வைத்தால் அப்படியே அமர்ந்திருக்குமாம். கொச்சின் என்று ஒரு கோழி. பெயரைக் கேட்டதும் நம் மலையாளக் கரையிலிருந்து போனதாக்கும் என்று பெருமைப்பட்டோம். பார்த்தால், அது 1840-களில் சீன தேசத்திலிருந்து இங்கிலாந்து சேர்ந்ததாம்! கால் வரையில் இறகு போர்த்த பரமசாது. ஆனால் இவையெல்லாம் குளிர் தேசத்துக்கு ஏற்ற கம்பளிக்காரர்கள். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கியே உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டும். நமது சித்திரை வெயிலில் அவற்றை விடுவது புண்ணியமல்ல. ஸில்கி என்னும் பஞ்சுக் கோழியைக் கண்டால் எந்தக் குழந்தையும் மயங்கிவிடும். காலுக்கு ஐந்து விரல், தோலெல்லாம் கறுப்பு. ஆனால் அதன் இறகு மழைநீரைத் தடுக்காது. ஐப்பசி அடைமழையில் நனைந்த துணிதான்.

வெள்ளை லெகார்ன் இத்தாலியக் குடும்பம். வருஷத்தில் முந்நூறு முட்டை வரையில் இடக்கூடிய சூரி. என்றாலும் நிழல் அசைந்தால் கூரைமேல் ஏறிவிடும். முட்டைக் கணக்குப் பார்ப்பவருக்கு அது சரி. தடவிக்கொடுக்க விரும்பும் குழந்தைக்கு ஏமாற்றமே. ரோட் ஐலண்ட் ரெட் பெட்டை நல்ல குணம். சேவலை மட்டும் நம்ப வேண்டாம். ஐதராபாத்துக் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே உண்டாக்கிய வனராஜா, பல நிற அழகும் அமைதியும் உள்ளது. உடல் பருத்ததாகையால் நாய்க்கும் கீரிக்கும் தப்பி ஓட அதற்குத் தெரியாது.

சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று படித்தவர்களிலும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அந்தக் கோஷ்டியில் இருந்தவர்தாம். குஞ்சு வேண்டுமானால்தான் சேவல் தேவை. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் மூன்று தையல் மிச்சம்.

நாம் இப்படி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கையில் நம் தாயார் கிராமத்துக்குப் போய், ஒரு கூடையோடு திரும்பினார். கூடையில் ஒரு சிறுவிடைப் பெட்டை. "பார்க்க ஒன்றுமில்லைதான். எங்கள் வீட்டில் தொட்டிலடியில் படுத்துக் கிடந்த வம்சம்" என்றார். கையளவு உடம்பு, பொரி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பெண் அதற்குப் 'பொரி' என்றே பெயர் வைத்தாள். வருஷத்துக்கு எண்பது முட்டை கிடைத்தால் அதிகம்.

நம் தாயார் பையனை அழைக்கவேயில்லை. தினந்தோறும் மாலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, தாம் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நொய் வைத்துப் பொரிக்குக் கொடுப்பார். முதல் வாரம் பையன் ஜன்னலில் நின்றான். அப்புறம் வாசற்படி. அப்புறம் அப்பாயியின் முதுகுக்குப் பின்னால். ஒரு நாள் அவர் தோளுக்கு மேலாக ஒரு சிறு கை நீண்டது. பொரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, அந்தக் கையிலிருந்து ஒரே ஒரு நொய்யை எடுத்துக்கொண்டது. நாம் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாம் வெங்காயத்தின் மேல் பழி போட்டோம்.

எத்தனை சாதுவானாலும் கோழி கோழிதான். பளபளப்பதெல்லாம் அதற்குத் தானியம். தோடு, பொத்தான், குழந்தையின் கண்மணி எல்லாம் அதில் சேர்த்தி. ஆகவே முகத்தருகே தூக்கக் கூடாதென்பது நம் வீட்டுச் சட்டம். அடைகாக்கும் இருபத்தொரு நாளும், குஞ்சோடு திரியும் காலமும், பொரியே தாடகையாகிவிடும்; அப்போது தூர நின்று பார்ப்பதோடு சரி. ஆரோக்கியமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் ஸால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடுமாதலால், தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் சொட்டு மருந்து விட்டோம்.

இப்போது கொல்லையில் பெட்டைகள் நான்கு. யார் யாரைக் கொத்தலாம் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அதை உலகுக்கு எடுத்துச் சொன்ன நார்வே தேசத்து ஷெல்டெரப்-எப்பே, சிறு பையனாயிருந்தபோதே கோழிகளைக் கவனிக்கத் தொடங்கியவர். இதைச் சொன்னதிலிருந்து நம் பெண்ணும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறாள்.

சென்ற மாதம் அந்த நோட்டுப் புஸ்தகத்தோடு வந்து, "அப்பா, அந்தச் சேவல் நிஜமாகவே சிநேகிதர் தோட்டத்திலா இருக்கிறது?" என்று கேட்டாள். இம்முறை உள்ளதைச் சொன்னோம். விற்றுவிட்டோம், வாங்கினவர் பெரும்பாலும் சமையலுக்குத்தான் வாங்கியிருப்பார் என்றோம். வெகுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "பொரி முட்டையிடுவதை நிறுத்திவிட்டால்?" என்றாள்.

பொரி இங்கேதான் இருக்கும் என்றோம்.

அவள் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி அதை எழுதி, தேதி போட்டு, நம்மைக் கையெழுத்திடச் சொன்னாள். போட்டோம். வார்த்தை ஒருவேளை போதாதென்று, சாட்சியாக அப்பாயியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.