எண்ணப்படாத வாசகர்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊராகிய பாப்பாரப்பட்டிக்குச் சென்றிருந்தோம். சிறிய ஊராயினும், சுப்பிரமணிய சிவம் 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் உயிர்நீத்த இடமாதலின், அதன் பெயரை அன்பர் பலரும் கேட்டிருப்பர். எம் தாய்மாமனார் அங்கே வாழ்கின்றார். பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். யாம் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்ததற்கு அவரே காரணர்.

மாமாவுக்கு ஒரு பித்து உண்டு. தருமபுரிப் பகுதியில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு நாட்டியவை அவற்றுட் பல. வட்டெழுத்துப் பொறித்தவையும் உண்டு. மாமா தம் இருசக்கர வண்டியில் சென்று அவற்றைப் படமெடுத்து, ஊர் முதியோர் கூறும் கதைகளையும் கேட்டெழுதி, தாமே நடத்தும் இணையத்தளம் ஒன்றில் வெளியிட்டு வருகின்றார். தொல்காப்பியப் புறத்திணையியலில் நடுகல் பற்றிய பகுதி எமக்குப் பாடமாக வந்தபோது, நூலகத்திற் கிடையாத செய்திகள் அத்தளத்திற் கிடைத்தன. வகுப்பினர் எல்லாரையும் அதனை வாசிக்கத் தூண்டினோம். இம்மட்டில் எம் செயல் நன்றே.

அவர்களுக்கு மற்றொன்றும் கற்பித்தோம். கைப்பேசி உலாவியின் அமைப்புப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் என்றொரு திறவு உண்டு. அதனை மூடிவிட்டால் பக்கம் நொடியில் வந்து நிற்கும், எழுத்தை மறைத்துக்கொண்டு குதிக்கும் விளம்பரம் வாராது, தரவும் மிச்சமாகும். பாப்பாரப்பட்டியில் மழை நாட்களில் அலைவரிசை படும் பாட்டை அறிந்தவர் எம்மைக் குறை கூறார். விடுதியில் எம் தளத்து அறைகள் அனைத்திலும் இவ்வித்தை பரவிற்று. யாம் அதனாற் பெருமையும் உற்றோம் என்பதை ஒளிப்பானேன்?

ஒருநாள் மாலை, திண்ணையில் அமர்ந்திருக்கையில் மாமா கூறினார்: "தம்பி, இவ்வாண்டோடு தளத்தை மூடிவிடலாமென்று எண்ணுகிறேன். வாசிப்பார் இல்லை. கல்லுக்குக் காவலாய் நான் ஒருவனே நிற்பது போலிருக்கிறது."

யாம் திடுக்கிட்டோம். வாசிப்பார் இல்லையா? வகுப்பில் முப்பதின்மர் வாசித்தோமே! காரணம் வினவியபோது தம் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். பார்வையாளரை எண்ணும் கருவியில் எண்கள் மெலிந்து கிடந்தன. விளம்பர வருவாயும் அவ்வாறே. தமிழ்ப் பக்கங்களுக்கும் கூகுள் நிறுவனம் தன் ஆட்சென்ஸ் விளம்பரத்தை 2018இல் விரித்தபோது மாமா அதிற் சேர்ந்தவர். தளத்தின் பெயருக்கும் இடத்திற்கும் ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகையை அவ்வருவாய் ஈடுகட்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் 100 டாலர் சேர்ந்தாலன்றி அந்நிறுவனம் பணத்தை அனுப்புவதில்லை. அவர் கணக்கோ அவ்வெல்லையைத் தொடாமல் நெடுநாளாய்த் தவழ்ந்துகொண்டிருந்தது.

அப்பொழுதுதான் எம் நெஞ்சில் ஒன்று உறைத்தது. விளம்பரம் எவ்வாறு வருகின்றது என்பதை யாம் அறிவோம். அதன் பயனை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. அச்சிட்ட இதழில் கதையும் விளம்பரமும் ஒரே தாளில் வரும். ஒன்றை விட்டு ஒன்றை வாங்க இயலாது. இணையத்தில் அவ்வாறன்று. எழுத்தும் படமும் மாமாவின் தளத்திலிருந்து வருகின்றன. விளம்பரத்திற்கு வெற்றிடம் மட்டுமே வருகின்றது. உடன் வரும் கட்டளைத்தொடர் எம் கைப்பேசியிலேயே இயங்கி, விளம்பர நிறுவனத்தைக் கேட்கும். அங்கே கண்ணிமைப்பதற்குள் ஓர் ஏலம் நிகழும். வென்றவர் விளம்பரம் அவ்வெற்றிடத்தில் வந்தமரும். அதன் பாதியேனும் ஒரு நொடி திரையில் நின்றால்தான் அது காணப்பட்டதாகும் என்பது அத்தொழிலார் வகுத்த அளவு. கட்டளையை நிறுத்தினால் கேள்வியும் இல்லை, ஏலமும் இல்லை, காசும் இல்லை.

காசு போனது சிறிது. முப்பது மாணவர் பார்வையால் மாமா மாளிகை கட்டியிரார். ஒரு வேளைக் காப்பிச் செலவும் தேறியிராது. எம்மை வாட்டியது வேறு. பார்வையாளரை எண்ணும் கருவியும் அக்கட்டளைத் தொடராலேயே இயங்குவது! யாம் நாள்தோறும் அவர் வாயிலில் நுழைந்து, அவர் தேடிய செல்வத்தை அள்ளிச் சென்றோம்; அவர் கணக்கிலோ யாம் ஒருநாளும் வந்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டோம். மாமா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் நீ படித்தாயா? ஏரிக்கரைக் கல்லைப் பற்றி எழுதினேனே, அதுவுமா?" என்றார். வருவாயைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை.

தளம் தங்கியுள்ள வழங்கிக் கணினியில் தனியே ஒரு பதிவேடு உண்டு. எவர் எப்பக்கத்தைக் கேட்டாலும், கட்டளை இயங்கினும் இயங்காவிடினும், அதில் ஒரு வரி விழும். அன்றிரவு அதனை இருவரும் புரட்டினோம். தேடுபொறிகள் ஏவும் இயந்திரங்களின் வருகையும் அதிற் கலந்திருந்தமையால் தொகையை அப்படியே நம்புதற்கில்லை. ஆயினும் எம் கல்லூரி இணைப்பின் முகவரி, தேர்வுக்கு முந்தைய வாரத்தில், நள்ளிரவு கடந்தும் வரிவரியாய் நின்றது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீண்டும் மேலிருந்து படித்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் நண்பரிடம் இதனைக் கூறினோம். திறவை முற்றும் திறக்கவேண்டியதில்லை. விரும்பிய தளத்திற்கு மட்டும் விலக்களிக்க உலாவியில் வழியுண்டு. சிலர் உடனே இசைந்தனர். ஒருவர் மட்டும் மறுத்தார். "உன் மாமா நல்லவர்; அவர் வாயிலில் நிற்கும் விளம்பரக்காரன் நான் எங்குப் போகிறேன், எதைப் படிக்கிறேன் என்று பின்தொடர்கிறானே, அவனையும் நல்லவன் என்பாயா?" என்றார். விடை கூற இயலவில்லை. அவர் தரவு வாங்கும் காசு அவர் தந்தையார் கூலியிலிருந்து வருவது என்பதையும் யாம் அறிவோம்.

இதனை மாமாவுக்குத் தொலைபேசியில் கூறியபோது, "பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்றார். அடுத்த மாதம் அவரே ஒரு வழி கண்டார். ஊரில் விதைக்கடை நடத்தும் பழைய மாணவர் ஒருவரிடம் ஆண்டுக்கு ஒரு தொகை பேசி, அவர் கடைப் படத்தைப் பக்கத்தின் அடியில் தாமே பதித்துவிட்டார். அதற்கு ஏலமும் வேண்டா, கட்டளையும் வேண்டா, எழுத்தோடு எழுத்தாய் வரும். சென்ற வாரம் புதியதொரு நடுகல்லைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மறுத்த நண்பர் தம் கைப்பேசியில் அதனைப் படித்துவிட்டு, கீழே பச்சை எழுத்தில் இருந்த கேழ்வரகு விதை விளம்பரத்தை எமக்குக் காட்டினார்.